முதலில் பெட்டி

ஓடுகிறோம். 1996. செவ்வாய்க்கிழமை. காலை ஏழு தாண்டிவிட்டது. கிளிநொச்சிக்குத் தெற்கே எங்கள் குடியிருப்பு. தூரத்தில் 'டும்' என்று ஒரு சத்தம். பிறகு தலைக்கு மேல் சீலை கிழிகிற சத்தம். மனதுக்குள் எண்ணினால் பன்னிரண்டில் ஷெல் விழும். அதற்குள் படுத்துவிட வேண்டும்.

"ஷெல்! விழுந்து படுங்கோ!" பக்கத்துக் காணி யாழ்ப்பாணத்துக்காரர் கத்துகிறார்.

முதல் ஷெல் விழுந்தது. முற்றத்துத் தென்னை இல்லை.

மனைவி லெட்சுமியின் இடுப்பில் மகள் கோகிலா. ஆறு வயது. வேலிக்கு அந்தப் பக்கம் பங்கர், பதுங்குகுழி. நாற்பது அடி. ஓடினால் போய்விடலாம்.

"ஏங்க, பெட்டி! பெட்டிய எடுங்க!" என்று லெட்சுமி கத்தினாள்.

எங்கள் கடதாசி எல்லாம் இருக்கிற அந்தத் தகரப்பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் என் பாட்டனாரைத் தேயிலைக்காக இலங்கைக்குக் கொண்டுவந்தான். மலாய்க்காரரைப் பட்டாளத்துக்குக் கொண்டுவந்தான். மலையாளத்தார் துறைமுக வேலைக்கு வந்தார்கள். செட்டிமார் வியாபாரத்துக்கு. எல்லோருக்கும் ஒரு காரணம் இருந்தது. எங்களுக்கு வேலை மட்டும் இருந்தது. நாடு இல்லை, குடியுரிமை தரவில்லை. எழுபத்தேழுக் கலவரத்தில் எங்கள் தோட்டத்து லய வீடுகளைக் கொளுத்தினார்கள். உயிர் தப்பியது. பிறப்புச் சான்று, மற்றக் கடதாசி எல்லாம் எரிந்தது. நான் இங்கேதான் பிறந்தேன் என்று காட்ட அப்பா ஒன்பது வருடம் அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்தார். வடக்கே இந்த வன்னிக்கு வந்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. அடி விழுந்தால் முதலில் பெட்டி. எங்கள் ஆட்கள் எல்லோர் வீட்டிலும் அதுதான்.

திரும்பி ஓடினேன். லெட்சுமி பங்கருக்குப் போகவில்லை. எனக்காக வேலியடியில் நின்றாள். பெட்டி கட்டிலுக்கு அடியில். இழுக்கிறேன். 'டும்.' எண்ணுகிறேன். ஒன்பதில் விழுந்தது.

வெளியே வந்தேன். வேலி இல்லை. காது கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துக்காரரின் வாய் மட்டும் அசைகிறது. லெட்சுமியின் கை மகளின் சட்டையைப் பிடித்திருந்தது. கை மட்டும்.

மூன்று வருடம் கழித்து நியூ ஜெர்சியில் அகதி விசாரணை. அப்போது ஐசலின் என்ற ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். விசாரணையில் மொழிபெயர்க்க வந்த சென்னைப் பெண் கேட்டாள்.

"அங்கிள், உங்க ஃபேமிலி ஏன் ஸ்ரீலங்கால செட்டில் ஆனாங்கன்னு ஆபீசர் கேக்கறார். டீடெயிலா சொல்லுங்க."

"தேயிலைக்கு."

"அவ்ளோதானா அங்கிள்?"

ஆட்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. பெட்டியைத் திறந்து மேசையில் வைத்தேன். ஆபீசர் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"ரொம்ப கரெக்டா வெச்சிருக்கீங்களாம் அங்கிள். இவ்ளோ டாக்குமெண்ட்ஸ் யாருமே கொண்டு வர்றதில்லையாம். அப்ரூவ் ஆயிடும், கவலப்படாதீங்க."

தலையாட்டினேன். அன்று சொல்லாததை இங்கே எழுதிவிட்டேன்.

பங்கருக்குள் போன ஏழு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெளியே பறிபோனது லெட்சுமி, இருபத்தொன்பது வயது. கோகிலா, ஆறு வயது. இரண்டு ஆடு. ஒரு தென்னை. என் வலது காது.

பெட்டியில் லெட்சுமியின் பிறப்புச் சான்று இருக்கிறது. கோகிலாவுடையதும் இருக்கிறது. ஒரு மூலைகூடக் கருகவில்லை.