வணக்கத்தில் விடுபட்ட பெயர்

தலைமைக் கதிரையை அலங்கரித்து அமர்ந்திருக்கும், அலவத்துகொட மண் அள்ளித் தந்த அறிஞர், அதிபர் ஜனாப் ஹபீல் அவர்களே! 'தலைக்காயம்' என்ற திரைப்படத்தை ஆக்கித் தந்து, சற்றுமுன் இந்தக் கண்டி மண்டபத்தையே மூச்சுவிட மறக்கவைத்த இயக்குநர், ஒரு காலத்தில் என் வகுப்பின் கடைசி வாங்கில் உட்கார்ந்து சன்னலையே படித்துக்கொண்டிருந்த தம்பி தினேஸ் அவர்களே! தேன் சொட்டும் குரலால் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கும் செல்வி ஸனா அவர்களே! கொழுந்துக் கூடை சுமந்து காய்த்த முதுகோடு தெல்தோட்டை மலையிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் என் தாய்மார்களே, தகப்பன்மார்களே, தம்பி தங்கையரே! உங்கள் அனைவருக்கும் இந்த நிரோஷா டீச்சரின் நெஞ்சம் நிறைந்த வணக்கம்!

என்ன ஸனா? காதுக்குள் சொல்லாதே மகள், ஒலிவாங்கியில் சொல்.

"டீச்சர், ஸ்பொன்சர்ட பேர உட்டுட்டீங்களே!"

கேட்டீர்களா? படத்துக்குப் பணம் போட்ட பெருந்தகை, முன்வரிசையில் பட்டுவேட்டி பளபளக்க வீற்றிருக்கிறார். அவருக்கு நான் என் கையால் போர்த்த வேண்டிய பொன்னாடை இதோ மேசையில் மடித்தபடி கிடக்கிறது. மேடையில் ஒருவர் பெயரை விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? அந்த ஒரு குறைக்காகவே எத்தனை கோயில் கமிட்டிகள் இரண்டாகப் பிளந்திருக்கின்றன! நான் மறக்கவில்லை, ஸனா. அந்தப் பெயரைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். பந்தியில் பாயாசம் கடைசியில்தானே வரும்?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரிப்பு தீர்ந்தபின் கொஞ்சம் கேளுங்கள்.

தினேஸின் படத்தைப் பார்த்தோம். நாயகனை மண்டையில் அடிக்கிறார்கள், நினைவு போகிறது. பெயர் போகிறது, ஊர் போகிறது, பெற்ற தாயின் முகமும் போகிறது. பிறகு தேயிலை வாசத்தில் ஒரு ஞாபகம் திரும்புகிறது. மழை சொட்டும் சத்தத்தில் இன்னொன்று திரும்புகிறது. துண்டு துண்டாக வந்த நினைவெல்லாம் ஒன்றுசேர்ந்த கணத்தில் எதிரியைத் தேடிப் போகிறான், தூக்குகிறான், அணைக்கட்டுக்கு மேலிருந்து எறிகிறான். நீங்கள் என்ன செய்தீர்கள்? எழுந்து நின்று விசிலடித்தீர்கள்! பின்வரிசையில் ஒரு தம்பி, "அப்படிப் போடுங்கண்ணே!" என்று கத்தினார். யார் அது? நீங்களா? நல்ல குரல் தம்பி, நம் தோட்டத்துக் குரல். அந்தக் குரல் எனக்கு ஒருநாள் தேவைப்பட்டது. அன்றைக்கு அது வரவில்லை.

தம்பி தினேஸ், உன் படம் நல்ல படம். ஆனால் பொய்ப் படம். நினைவு அப்படித் திரும்பி வராது அப்பா. நான் அதோடு குடித்தனம் நடத்துகிறேன்.

என் கணவர் வீரையாவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். நாம் எல்லோரும் வாளி வைத்துப் பிடிக்கும் தோட்டத்துப் பீலியில் தண்ணீர் வராமல் நின்றால் யாருக்கும் காத்திராமல் மண்வெட்டியோடு ஊற்றுக்கு ஏறுகிற மனிதர். அப்போது மேட்டில் ஒரு உல்லாச பங்களா எழும்பியது. வெள்ளைக்காரர் வந்து குளிக்க வேண்டும், பூச்செடிகள் நனைய வேண்டும். நம் லயத்து வீடுகளுக்கு வந்த ஊற்றுக் குழாய், கேட்பாரில்லாமல் பங்களாப் பக்கம் திரும்பியது. பீலி காய்ந்தது. வாளிகளோடு நீங்கள் வரிசையில் நின்றீர்கள். வீரையா மேலே ஏறிப் போய்க் குழாயைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். பட்டப்பகல். பீலிக்கரை நிறையச் சனம். பின்னாலேயே வந்த பங்களாக்காரர், அந்த இரும்புக் குழாயையே பறித்து, அவர் மண்டையில் ஓங்கி அடித்தார்.

நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். இரத்தினம்மா அக்கா ஓடிவந்தார். "டீச்சரம்மா, ஒங்க வீட்டுக்காரர அடிச்சுப் போட்டுட்டாருங்க! என் ரெண்டு கண்ணால பாத்தேங்க! நாங்க அத்தன பேரும் பாத்தோம்ங்க!" என்று என் கையைப் பிடித்து அழுதார். அந்தக் கை இன்னும் சுடுகிறது.

அதன்பிறகு பொலிஸ் வந்தது. தாய்மார்களே, அந்த விசாரணையில் நடந்ததைத்தான் தினேஸ் படமாக எடுத்திருக்க வேண்டும்! வரிசையாக நின்றீர்கள். ஒருவர் சொன்னார்: "நான் அப்பக் குனிஞ்சு வாளிக்குத் தண்ணி புடிச்சுக்கிட்டு இருந்தேங்க, பாக்கல." அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும் அதையே சொன்னார். ஐயா, அம்மா, காய்ந்த பீலியில் என்ன தண்ணீர் பிடித்தீர்கள்? சொட்டுத் தண்ணீர் இல்லை என்றுதானே அந்த மனிதர் மேட்டுக்கு ஏறினார்! பொய் சொல்ல வேண்டிய பதற்றத்தில் எதற்காக அடிபட்டார் என்பதையே மறந்துவிட்டீர்களே! மிச்சப் பேர் இன்னும் கெட்டிக்காரர்கள். கடைக்குப் போனால் சிங்களம் தடுமாறுகிறவர்கள், அன்றைக்கு மட்டும், "மதக நே, மாத்தயா" என்று தெளிவாகச் சொன்னார்கள். ஞாபகம் இல்லையாம், ஐயா!

அடிபட்டவர் ஒருவர். நினைவு போனதோ ஊருக்கே!

திரையில் அடி விழுந்தபோது விசிலடித்தீர்கள். தரையில் அடி விழுந்தபோது ஏன் விழியை மூடினீர்கள்? நிழலுக்காகக் கொதித்த நெஞ்சம் நிஜத்துக்காக ஏன் கொதிக்கவில்லை? பயமா? பயம்தான். பங்களாவில் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கிறது, அது போய்விடும் என்ற பயம். புரிகிறது. புரிவதால் வலி குறையவில்லை.

இன்று என் கணவர் எப்படி இருக்கிறார்? சாப்பிடுகிறார், நடக்கிறார், சிரிக்கிறார். காலையில் நான் தேத்தண்ணீர் கொடுத்தால், "தேங்ஸ்ங்க டீச்சர். ஒங்க வீட்டுக்காரரு எங்க வேல பாக்குறாருங்க?" என்று மரியாதையாகக் கேட்கிறார். "வந்துருவாருங்க" என்று சொல்லிவிட்டு நான் பள்ளிக்கூடம் போகிறேன். பிள்ளைகளுக்கு இலக்கணம் படிப்பிக்கிறேன். வேறு என்ன செய்ய?

அவருக்கு வேலையும் கிடைத்திருக்கிறது. எங்கே என்று கேளுங்கள். அதே பங்களாவில்! என்ன வேலை என்று கேளுங்கள். பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை! எந்தத் தண்ணீருக்காக மண்டை பிளந்ததோ, அந்தத் தண்ணீரை அந்தக் கையாலேயே ஊற்றுகிறார். "எங்க முதலாளி தங்கமான மனுசனுங்க" என்று வாய் நிறையச் சொல்கிறார். ஊரும் சொல்கிறது, எவ்வளவு பெரிய மனசு, அடிபட்டவனுக்குச் சோறு போடுகிறாரே என்று. அடித்தது யார் என்பதை மட்டும் ஊர் சொல்லாது. இன்றைக்குக்கூட அந்த முதலாளி அவரைத் தன் வாகனத்தில் அழைத்து வந்து, கைபிடித்து இறக்கி, முன்வரிசையில் தன் பக்கத்திலேயே இருத்தியிருக்கிறார். பாருங்கள், என் கணவரின் தோளில் இருக்கிற கை யாருடையது என்று.

ஹபீல் அதிபர் அவர்கள் துண்டுச்சீட்டு அனுப்புகிறார், நேரம் போய்விட்டதாம். மன்னிக்க வேண்டும் சேர். மேடையில் உண்மை வருகிறபோதெல்லாம் நேரம் போய்விடுகிறது.

முடிக்கிறேன். பழிவாங்க வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது. இல்லை என்று சொன்னால் நான் பொய்க்காரி. ஆனால் நான் யாரையும் அணைக்கட்டிலிருந்து எறியப் போவதில்லை. ஒரே ஒரு சாட்சி கிடைத்தால், சாட்சி இல்லை என்று மூடிய வழக்கை மறுபடி எடுக்கலாம் என்று சட்டத்தரணி சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு ஆள்! எனக்கு வேண்டிய பழிவாங்கல் அவ்வளவுதான். அன்றைக்குப் பீலிக்கரையில் நின்றவர்களில், நினைவு திரும்பியவர் யாராவது இந்த மண்டபத்தில் இருந்தால், இப்போது எழுந்து நில்லுங்கள்.

நில்லுங்கள்.

இரத்தினம்மா அக்கா, முந்தானையால் முகத்தை மூடாதீங்க. நான் உங்களைத்தான் பார்க்கிறேன். விசிலடித்த தம்பி, கைபேசியில் என்ன தேடுகிறீர்கள்?

ஒருவரும் இல்லையா?

இதோ... ஒருவர் எழுந்துவிட்டார். முன்வரிசையில், முதலாளியின் கையைத் தோளிலிருந்து மெல்ல விலக்கிவிட்டு எழுந்து நிற்கிறார்.

என்னங்க, நீங்க ஏன் எழும்பினீங்க?

"டீச்சரு எந்திரிக்கச் சொன்னாங்கல்ல. யாருமே எந்திரிக்கல. பாவமா இருந்துச்சுங்க."

கேட்டீர்களா, நினைவுள்ள பெருமக்களே? மனைவியின் பெயர் தெரியாத மனிதர் எழுந்து நிற்கிறார். எல்லாம் தெரிந்த நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். அழுதால் பேச்சு நின்றுவிடும், அதனால் அழவில்லை. நில்லுங்க, அப்படியே நில்லுங்க. நான் முடிக்கும்வரை நில்லுங்க.

ஸனா, விட்ட பெயரைக் கேட்டாயே மகள்? இதோ சொல்கிறேன். ஒலிவாங்கியை யாரும் நிறுத்தாதீர்கள். ஊற்றுத் தண்ணீரைத் திருடியவரும், என் கணவர் வீரையாவின் மண்டையை இரும்புக் குழாயால் பிளந்தவரும், இந்தத் திரைப்படத்துக்குப் பணம் போட்ட அனுசரணையாளருமாகிய திரு. ராஜரத்தினம் அவர்களே!

பொன்னாடை மேசையிலேயே கிடக்கட்டும்.

என்னைப் பேச அழைத்த தினேஸுக்கு நன்றி. பொறுமையாகக் கேட்ட தலைவருக்கு நன்றி. எழுந்து நின்ற ஒருவருக்கு என் உயிர் உள்ளவரை நன்றி. மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

ராஜரத்தினம் அவர்களே, உங்களுக்கு மட்டும் வணக்கம் இல்லை.