ஓரகத்திகளும் ஒரு வலைத் துண்டும்

கண்ணுகளா, இன்று சேந்தமங்கலம் பேருந்தில் என் முன்சீட்டில் அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். இருவரின் கணவர்களும் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்.

“அம்மிணி, உம்பட புருசனுக்கு மட்டும் ஓட்டைய அடைக்க உள்ள வலை வெச்சுத் தெச்சாங்க. எங்கூட்டுக்காரருக்கு வெறும் நூலு,” என்றார் மூத்தவர்.

“வலையில சீழ் புடிச்சா மறுபடியும் கிழிச்சு எடுக்கோணுமாமுங்கக்கா. டாக்டரே சொன்னாரு,” என்றார் இளையவர்.

“புடிக்கலையே. எங்கூட்டுக்காரருக்குத்தான் தையல் உட்டுப்போயி மறுக்கா கொடலு எறங்கிருச்சு.”

“தானாவுங்களா உட்டுச்சு? புண்ணு ஆறும் முன்னயே மாரியம்மன் சப்பரம் தூக்கப் போனாருங்களே.”

“முன்னால தோள் குடுக்கறது அவரு எடம். போகலீன்னா உம்பட புருசன் வந்து நின்னுக்குவாரே.”

“அவரும் இனி தூக்கக் கூடாதுங்க. இப்ப அந்த எடத்துல பெரியப்பன் மவன் நிக்கறாரு.”

மூத்தவர் இளையவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

“நாளைக்கு மறுக்கா ஆபரேஷன். உம்பட புருசனுக்கு வெச்சதவிடப் பெரிய வலையா வெக்கச் சொல்லோணும்.”

“ஓட்டைக்குத் தக்கனதானுங்கக்கா வெப்பாங்க.”

“இவருக்கு ஓட்டை பெருசுதான். இருமுனாலே கையில முட்டுது.” இதைச் சொல்லும்போதுதான் மூத்தவரின் முகம் தெளிந்தது. ஆனாலும் இறங்குவதற்கு முன் இளையவரின் கையைப் பிடித்து, “நாளைக்கு நீயும் கூட வா,” என்றார்.

நானும் கோழித் தீவன மூட்டை தூக்குகிறவன். வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அடிவயிற்றில் கையை வைத்து இருமிப் பார்த்தேன். ஒன்றும் முட்டவில்லை. இன்னொரு முறை இருமினேன்.