ஏழு மணி வகுப்புக்கு வராதவர்கள்

அதிகாலை ஐந்து மணி. சனிக்கிழமை. கவுண்டி ரோடு பதினேழு.

அந்த ரோடு உங்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் சர்க்கரை பீட்ரூட் வயல். அறுவடை முடிந்த வெறும் தரை, அதன்மேல் பனி. பதினோரு மைலுக்கு ஒரு வீடு கிடையாது. கடைசியில் அந்த டவர். அதன் உச்சியில் சிவப்பு விளக்கு... எரியும்... அணையும்... எரியும். அதற்குக் கீழே ஒரு தகரக் கட்டடம். நம் ஊர் டிவி நிலையம். இப்போது இல்லை. நான் சொல்வது தொண்ணூற்றெட்டு ஜனவரி.

இந்த மீன்பிடிக் குடிசையின் கதவை இழுத்துச் சாத்துங்கள். ஹீட்டர் சூடெல்லாம் ஏரிக்குத்தான் போகிறது. தூண்டிலை விடுங்கள், இந்த நேரத்தில் பனிக்கட்டிக்கு அடியில் எந்த மீனும் விழித்திருக்காது.

இது நம் டெரலின் ஒன்றுவிட்ட அக்கா லவோனுக்கு நடந்தது. டெரல் குடித்திருந்தால் புளுகுவான், ஒப்புக்கொள்கிறேன். இதை அவன் காபி குடித்துக்கொண்டு சொன்னான்.

லவோனுக்கு அப்போது இருபத்தைந்து வயது. சனிக்கிழமை காலை ஷிப்ட் அவளுடையது. அந்த நேரத்துக்குப் பிள்ளை பார்த்துக்கொள்ள யார் வருவார்கள்? அதனால் ஐந்து வயது மகள் பிரிட்டாவும் பின்சீட்டில் கம்பளிக்குள் தூங்கிக்கொண்டே வேலைக்கு வருவாள். புருஷன் என்று ஒருவன் இருந்தான். அவன் பேச்சு இப்போது வேண்டாம்.

வேலை பெரிய வேலை இல்லை. டிரான்ஸ்மிட்டரைச் சூடேற்ற வேண்டும். ஆறு மணிக்கு ஒளிபரப்பைத் தொடங்கி, பட்டியலில் உள்ளபடி டேப் போட வேண்டும். மேஜையில் இரண்டு திரைகள். இடது திரையில் நாம் அனுப்புவது தெரியும். வலது திரையில், டவரிலிருந்து போனதைக் கூரை ஆண்டெனா திரும்பப் பிடித்துக் காட்டும். ஊர் வீடுகளில் என்ன தெரிகிறதோ, அதுதான் வலது திரை. இரண்டும் ஒன்றாக இருந்தால் எல்லாம் சரி.

அந்தச் சமயத்தில் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டிருந்தது. ஒவ்வொரு நிலையமும் வாரத்துக்கு மூன்று மணி நேரம் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ன பாடம், எத்தனை மணி என்று படிவத்தில் எழுதி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் லைசென்சுக்கு ஆபத்து.

மேனேஜர் ஆர்வில் லுண்ட் என்ன செய்தார்? சனிக்கிழமை ஏழு முதல் பத்து வரை அவர் விளம்பரக்காரர்களுக்குக் கொடுத்திருந்தார். சமையல் கத்தி, தொப்பை குறைக்கும் பெல்ட், முடி வளரத் தைலம். தைலத்தில் என்ன பாடம் இருக்கிறது? மனிதர் யோசித்தார். பேனாவை எடுத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். 'நிகழ்ச்சி: மிஸ் கொரீனின் காலை வகுப்பு. வயது: ஐந்து முதல் ஏழு. நேரம்: சனிக்கிழமை ஏழு முதல் பத்து.' கீழே, 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்று கையெழுத்தும் போட்டார்.

மிஸ் கொரீன் செத்துப் பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது.

நம்மில் பாதிப் பேர் அந்த வகுப்பில் இருந்தவர்கள்தான். தினமும் காலை ஏழு மணி, நேரடி ஒளிபரப்பு. எட்டுக் குட்டி நாற்காலிகள், ஓர் எண் பலகை, கையில் ஒரு சின்ன மணி. அம்மாக்கள் பிள்ளையின் பெயரை அட்டையில் எழுதித் தபாலில் அனுப்புவார்கள். மிஸ் தினம் எட்டு அட்டை எடுத்துப் பெயர் கூப்பிடுவார். வீட்டில் அந்தப் பிள்ளை எழுந்து நின்று "இருக்கேன் மிஸ்!" என்று டிவியைப் பார்த்துக் கத்த வேண்டும். வர முடியாத பிள்ளைக்கு, ஏழு மணிக்குள் அம்மா ஸ்டுடியோவுக்குப் போன் செய்து லீவு சொல்ல வேண்டும். காரணத்தோடு. ஒரு போன் ஒரு நாளைக்குத்தான் செல்லும். டிவி பார்க்காததற்கு லீவு சொன்ன ஊர் உலகத்திலேயே நம் ஊர் ஒன்றுதான்.

எழுபத்தொன்பது பிப்ரவரியில் பெரும் பனிப்புயல். பதினேழு வருஷத்தில் ஒரு நாள்கூட வகுப்பைத் தவறவிடாதவர் அன்றைக்கும் காரை எடுத்தார். எட்டாவது மைலில் கண்டுபிடித்தார்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே... மடியில் அட்டைகள். அது தெரியாமல் நிலையத்தில் காலி நாற்காலிகளை அரை மணி நேரம் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஆறு வயது லவோன் எழுந்து நின்றபடியே காத்திருந்தாள்.

சரி. ஜனவரிக்கு வருகிறேன். ஆர்வில் படிவத்தைத் தபாலில் போட்ட வாரம். சனிக்கிழமை ஏழு மணி. லவோன் கத்தி விளம்பர டேப்பைப் போட்டாள். இடது திரையில் ஒருவன் தக்காளியை வெட்டுகிறான்.

வலது திரையில் எட்டுக் குட்டி நாற்காலிகள்.

எல்லாம் நமக்கு முதுகைக் காட்டியபடி. முன்னால் மிஸ் கொரீன். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. தோளில் பனி. ஸ்டுடியோ விளக்குச் சூட்டிலும் அது உருகவில்லை.

லவோன் டேப்பை நிறுத்தினாள். இடது திரை இருண்டது. வலது திரையில் பாடம் நடந்தது. ஸ்டுடியோ பக்கத்து அறைதான். ஓடிப்போய்த் திறந்தாள். இருட்டு. கிறிஸ்துமஸ் பெட்டிகள். அவ்வளவுதான்... நனைந்த கம்பளி வாசனை மட்டும் இருந்தது.

திரும்பி வந்தபோது மணி ஒலித்தது. கிணிங்.

"கோடி ஸ்டெனெர்சன்."

ஒரு நாற்காலியில் ஒரு சின்னத் தலை வந்தது. பின்பக்கம் மட்டும். காது சிவந்திருந்தது.

திங்கட்கிழமை நிலையத்துக்குப் போன்மேல் போன். பழைய டேப்பைத் தேடிப் போட்டிருக்கிறார்கள் என்று ஊர் நினைத்தது. எல்லாம் பாராட்டு. என் பையன் இருபது வரைக்கும் எண்ணுகிறான், என் பெண் மணி பார்க்கக் கற்றுக்கொண்டாள் என்று. ஆர்விலுக்குத் தலைகால் புரியவில்லை.

"யாரு பண்ற வேலைன்னு எனக்குத் தெரிய வேணாம் லவோன். நான் எழுதினது நிஜமாயிடுச்சுல்ல? அது போதும்."

"ஆர்வில், அவங்க செத்துட்டாங்க."

"அதனால என்ன? உயிரோட இருக்கறவன் எவன் ஏழு மணிக்கு வேலைக்கு வர்றான்?"

லவோனுக்குமே முதலில் பெரிய பயம் இல்லை என்று டெரல் சொன்னான். கத்தி விற்பதற்கு இது மேல் என்றுகூட நினைத்தாளாம். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

இரண்டாவது சனிக்கிழமை நான்கு நாற்காலி நிறைந்தது. மூன்றாவது சனிக்கிழமை ஏழு. அந்தப் பிள்ளைகள் யாரும் எழுப்பாமலே நாலரைக்கு எழுந்தார்கள். டிவியைப் போடாவிட்டாலும் அதன் முன்னால் போய் நின்றார்கள். அம்மாக்கள் தொட்டுப் பார்த்தால் கை ஐஸ். தலைமுடி ஈரம்.

நான்காவது வெள்ளிக்கிழமை இரவு முடிந்து விடியும் நேரம். பனி வழிக்கும் லாரி ஓட்டுபவன் ரோடு பதினேழில் போகிறான். மைனஸ் இருபத்தெட்டு. லாரி வெளிச்சத்தில் ஏதோ சின்னதாகத் தெரிகிறது. மான் என்று நினைத்தான். கோடி ஸ்டெனெர்சன். ஆறு வயது. பைஜாமா... வெறும் கால். டவர் பக்கமாக நடந்துகொண்டிருந்தான். எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, "கிளாசுக்கு லேட்டாயிடுச்சு" என்றானாம்.

பிறகு ஆஸ்பத்திரியில் பையனின் கால் விரல் இரண்டு போயிற்று.

அவனைக் கண்டெடுத்த செய்தி லவோனுக்கு நிலையத்தில் இருக்கும்போதே வந்தது. ஆறே கால் மணி. கொதித்துப்போனாள். ஆர்விலை வீட்டில் போனில் பிடித்தாள்.

"இப்பவே வாஷிங்டனுக்கு எழுதுங்க. பொய் சொல்லிட்டோம்னு எழுதுங்க."

"லைசென்ஸ் போயிடும்மா."

"போகட்டுமே! பையனோட கால் விறைச்சுப் போயிருக்கு!"

"நீ ஷிப்டைப் பாரு. மத்ததை நான் பாத்துக்கறேன்." வைத்துவிட்டார்.

லவோன் போய் டிரான்ஸ்மிட்டரின் மெயின் சுவிட்சை இழுத்தாள். பெரிய சத்தத்தோடு நின்றது. டவரிலிருந்து இனி ஒன்றுமே போகாது. நிம்மதியாகத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

வலது திரையில் எட்டு நாற்காலி. ஏழில் தலைகள். ஒன்று காலி.

நாம் எதையும் அனுப்பவில்லை. ஆனால் வந்துகொண்டிருந்தது.

ஆறு ஐம்பத்திரண்டு. திரையில் மிஸ் கொரீன் அட்டைகளை ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தார். டக்... டக்... டக். எட்டாவது அட்டையைக் கேமராவுக்கு நேராகத் திருப்பி வைத்தார். பிரிட்டா ஹாகன். லவோன் அப்படி ஓர் அட்டையை எழுதியதே இல்லை.

திரும்பிப் பார்த்தாள். பின்னால் கம்பளிக்குள் தூங்கிக்கொண்டிருந்த பிரிட்டா எழுந்து நின்றிருந்தாள். கண் மூடியே இருந்தது. உதடு மட்டும் தயாராக, 'இ' என்று பிரிந்திருந்தது.

வேறு யாராக இருந்தாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். எங்கே ஓடுவது? ரோடு பதினேழில்தானே? லவோன் ஓடவில்லை. ஒரு கையால் மகளின் வாயைப் பொத்தினாள். இன்னொரு கையால் போனை எடுத்தாள். சின்ன வயதில் அவள் அம்மா சுழற்றிய அதே ஸ்டுடியோ எண். இத்தனை வருஷம் கழித்தும் விரலுக்குத் தெரிந்திருந்தது.

பக்கத்து இருட்டறையில் போன் மணி அடித்தது. ஒருமுறை. இரண்டுமுறை.

எடுத்தார்கள்.

"காலை வகுப்பு." மென்மையான குரல். பின்னால் காற்று ஊளையிடும் சத்தம். "யாரு பேசறது?"

"லவோன் ஹாகன். பிரிட்டாவோட அம்மா. லீவு சொல்லணும்."

பேப்பர் புரளும் ஓசை.

"பிரிட்டா வரமாட்டா. கோடி ஸ்டெனெர்சன் வரமாட்டான்..." ஏழு பெயரையும் மனப்பாடமாகச் சொன்னாள். அவர்களுடைய அம்மாக்களை அவள் கேட்கவில்லை. அன்றைக்கு எல்லோருக்கும் அவள்தான் அம்மா.

"எட்டுப் பேருமா?"

"எட்டுப் பேரும்."

"காரணம்?"

லவோன் சொன்னாள்: "டீச்சர் செத்துட்டாங்க. அதான் காரணம்."

காற்று நின்றது. பிரிட்டாவின் மூச்சு மட்டும் உள்ளங்கையில் சுட்டது.

"நானும் உங்க கிளாஸ்தான் மிஸ். அன்னிக்கு நின்னுக்கிட்டே இருந்தேன். நீங்க வரல. வரமாட்டீங்கன்னு யாரும் எங்களுக்குச் சொல்லல. இப்ப நான் உங்களுக்குச் சொல்றேன். அந்த ரோட்டுல இனிமே ஒரு பிள்ளையும் நடக்காது. நான் விடமாட்டேன்."

போனில் பேனா உரசும் ஓசை. பிறகு அந்தக் குரல் சொன்னது.

"இன்னைக்கு லீவு குறிச்சுக்கறேன்."

வலது திரையில் ஒவ்வொரு நாற்காலியாகக் காலியானது. பிறகு வெறும் புள்ளிகள். பிரிட்டா கண் விழித்து, பசிக்கிறது என்றாள். லவோன் அவளுக்கு ரொட்டி எடுத்துக் கொடுத்தாள்.

இன்றைக்கு லீவு. கவனித்தீர்களா? இன்றைக்கு மட்டும்.

திங்கட்கிழமை லவோனே வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதினாள், சொந்தப் பெயரில். வேலை போயிற்று. மூன்று வருஷத்தில் நிலையமும் போயிற்று. டவரைக் கழற்றினார்கள், தகரக் கட்டடத்தை யாரோ பீட்ரூட் லாரி நிறுத்த வாங்கினார்கள். போன் இணைப்பைத் துண்டித்தார்கள். மற்ற நாட்களில் அந்த எண்ணுக்கு அடித்தால், உபயோகத்தில் இல்லை என்று பதிவுசெய்த குரல்தான் வரும்.

சனிக்கிழமை ஆறு ஐம்பத்தைந்துக்கு அடித்தால் இரண்டாவது மணியில் எடுப்பார்கள்.

லவோன் அடித்தாள். ஒரு சனிக்கிழமை விடாமல் இருபத்தைந்து வருஷம். கல்யாண வீட்டிலிருந்து அடித்தாள். புற்றுநோய் மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அடித்தாள். எட்டுப் பெயர். அந்த எட்டுப் பேரும் வளர்ந்து, பையன்களுக்குத் தாடி முளைத்து, கல்யாணம் ஆகி, கோடி டெக்சாசில் லாரி ஓட்டப் போன பிறகும் அதே எட்டுப் பெயர். காரணம் கேட்பார்கள். அதே காரணம். ஒரு நிமிஷம்கூட ஆகாது.

"விட்டுடேம்மா, நாங்க வளந்துட்டோம்" என்று பிரிட்டா ஒருமுறை சொன்னாளாம்.

"மிஸ் விடட்டும், நான் விடறேன்" என்றாளாம் லவோன்.

போன வருஷம் நவம்பரில், ஒரு புதன்கிழமை, லவோன் போய்ச் சேர்ந்தாள். வெள்ளிக்கிழமை அடக்கம். சர்ச்சின் கீழ்த்தளத்தில் காபி குடித்தோம், நீங்களும் இருந்தீர்கள். மறுநாள் சனிக்கிழமை. பிரிட்டாவுக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. இனி அவள்தான் சொல்ல வேண்டும். பெயர்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஆறு ஐம்பத்தைந்துக்கு அடித்தாள்.

எங்கேஜ்டு.

மறுபடி அடித்தாள். எங்கேஜ்டு. ஆறு ஐம்பத்தாறுக்கு அடித்தாள்... இந்த எண் உபயோகத்தில் இல்லை.

அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்படித்தான். சரியாக ஒரு நிமிஷம் லைன் எங்கேஜ்டாக இருக்கும். பிரிட்டா ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொள்வாள்.

போன சனிக்கிழமை மட்டும் ஒரு நிமிஷத்தில் விடவில்லை. ஏழு அடித்தது. ஏழு ஐந்து... ஏழு பத்து. எங்கேஜ்டு. இருபது நிமிஷம், அவளுக்குப் பக்கத்தில் அவளுடைய மகன் கண் மூடியபடி எழுந்து நின்றுகொண்டிருந்தான். அந்த வாரம்தான் அவனுக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. பிரிட்டா அவன் வாயைப் பொத்தியபடி, ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் அம்மா மிஸ்ஸோடு சண்டை போட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.