‘இல்ல’ன்னு ஒரு வார்த்தை

– இன்னொரு தடவை சொல்றேம்ப்பா. நாளைக்கு ஜட்ஜ் உங்களப் பாத்து, "உங்க சார்பா கையெழுத்துப் போடச் சொல்லி மகள்கிட்ட சொன்னீங்களா"ன்னு கேப்பார். என்ன சொல்லணும்?

– சொன்னேன்னு சொல்லணும்.

– ஐயோ அப்பா. இல்லன்னு சொல்லணும்.

– சொன்னேனே பாப்பா. அந்த முதியோர் ஹோம்ல சேர்ற அன்னிக்கு மேஜை மேல ஒரு கட்டுக் காகிதத்த வெச்சாங்க. என் கண்ணாடி பெட்டிக்குள்ள எங்கயோ போயிடுச்சு. நீயே போட்டுடுன்னு நான்தானே சொன்னேன்.

– அதுல என்ன எழுதியிருந்துதுன்னு உங்களுக்குத் தெரியுமா?

– உனக்குத் தெரியுமா?

– எனக்கும் தெரியாது. வாசல்ல டாக்ஸிக்காரன் ஹார்ன் அடிச்சுக்கிட்டே இருந்தான், கடகடன்னு போட்டுட்டேன். நடுவுல பொடி எழுத்துல, என்ன தகராறு வந்தாலும் கோர்ட்டுக்குப் போகாம ஒரு நடுவர்கிட்ட தீத்துக்குவோம்னு இருக்கு. இப்ப அதத் தூக்கிட்டு வந்து, நீங்க அங்க விழுந்ததுக்கு நாம போட்ட கேஸையே கோர்ட் எடுக்கக் கூடாதுங்கறார் ஹோமோட வக்கீல்.

– கையெழுத்துப் போட்டா போட்டதுதானே.

– ஜட்ஜும் அதத்தான் சொல்றார். நீங்க சொல்லி நான் போட்டிருந்தா அது உங்களையும் கட்டுப்படுத்துமாம், நடுவர்கிட்ட போங்கன்னு அனுப்பிடுவாராம். நானா போட்டிருந்தா செல்லாதாம். புரியுதா?

– புரியுது. எனக்கு இடுப்புதான் உடைஞ்சுது, மண்டை இல்ல.

– அப்புறம் ‘இல்ல’ன்னு ஒரு வார்த்தை சொல்ல என்ன வலிக்குது?

– சத்தியம் வாங்கிட்டுல்ல கேப்பாங்க.

– பொய்யே சொல்லாதவர் பாருங்க. சுகர் மாத்திரை போட்டாச்சான்னு கேட்டா தினம் ஒரு கதை.

– அது வீட்டு விஷயம்.

– நடுவர்னா எப்படின்னு தெரியுமா? கதவச் சாத்திட்டு ஒரு ரூம்ல நாலு பேர். உள்ள பேசறது ஒண்ணும் வெளிய வராது.

– வராட்டி நல்லதுதானே.

– யாருக்கு? அவங்களுக்கு. பாத்ரூம்ல வழுக்கிடுச்சு, பெல் அடிச்சும் யாரும் வரலன்னு ஆஸ்பத்திரியில நீங்கதானே சொன்னீங்க? அவங்க என்ன எழுதிக் கொடுத்திருக்காங்க தெரியுமா? மாடிப்படிக்குக் கீழ கிடந்தீங்களாம். உங்க பாத்ரூம் ரூமுக்குள்ளயே இருக்கு, மாடிப்படி வராந்தாவோட அந்தக் கோடியில. கூசாம எழுதியிருக்காங்க.

– கொஞ்சம் தண்ணி கொடு பாப்பா.

– பேச்ச மாத்தாதீங்க. இந்தாங்க, மெதுவா. "உங்கப்பா யார் பக்கம்"னு நம்ம வக்கீலே கேக்கறார். மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல. நான் வேலை பாக்கற ஆஸ்பத்திரியில லீவு லீவுன்னு போய் நின்னா ஹெட் நர்ஸ் என்னப் பாத்தாலே பெருமூச்சு விடறாங்க.

– எனக்காக அலையாதன்னு அப்பவே சொன்னேன்.

– அலையாம? நான்தானே கொண்டு போய் விட்டேன். நைட் டூட்டியில நான் இருக்கறப்ப நீங்க தனியா கிடக்கக் கூடாதுன்னு தேடித்தேடி அங்க விட்டேன். இது அவங்க தப்புன்னு எல்லார் முன்னாடியும் யாராவது ஒருத்தர் சொல்லணும்ப்பா. அப்பதான் எனக்குத் தூக்கம் வரும்.

– கோர்ட்ல நீயும் உக்காந்திருப்பியா?

– இது என்ன கேள்வி? உங்க பக்கத்துலயேதான் இருப்பேன்.

– அந்த நடுவர் ரூம்ல உன்ன வெளிய இருக்கச் சொல்லிட்டு நான் மட்டும் பேசலாமான்னு வக்கீலக் கேளேன்.

– எனக்குத் தெரியக் கூடாதது அப்படி என்னப்பா இருக்கு?

– கேக்கறதுன்னா கேளு. இல்லாட்டி விடு.

– விட மாட்டேன். சொல்லுங்க.

– நான் பாத்ரூமுக்குப் போகல பாப்பா. பைய எடுத்துக்கிட்டு நம்ம வீட்டுக்குக் கிளம்பிட்டேன்.