குங்குமம் வைத்த ஊசி

கூட்டங்களைக் குறித்த நேரத்தில் தொடங்காதவர்களை எனக்குப் பிடிக்காது. இந்த ஒரு குணத்தால் காரிமங்கலத்தில் எனக்கு நண்பர்கள் குறைவு. ஆகவே இன்ஸ்பெக்டர் சார், ஒன்றை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன். அன்றைய தாமதம் என்னால் ஏற்பட்டதல்ல.

ஏட்டு தர்மன் நிதானமாக எழுதட்டும். எனக்கு அவசரமில்லை.

என் பெயர் தீர்த்தகிரி. மெட்ராஸில் டாக்டருக்குப் படித்துவிட்டு இங்கே கிளினிக் வைத்திருக்கிறேன். சளி, பேதி, தேள்கடி. சந்தை நாளில் கூடுதலாக மாடு முட்டிய காயம். என் மூளைக்கு இதெல்லாம் போதாது என்று நானே சொன்னால் தற்பெருமையாகும். அதனால் வாசலில் 'தர்மபுரி மாவட்ட நரம்பியல் ஆராய்ச்சிப் பேரவை' என்று ஒரு பலகை மாட்டி, அதைப் பலகையே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். பேரவைக்குத் தலைவர் நான். புரவலர் இரும்புக்கடை நஞ்சப்பன். அவருக்கு நரம்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் எந்த மேடையில் ஏற்றினாலும் இறங்கமாட்டார். புரவலருக்கு அது போதும்.

ஆராய்ச்சி என்னவென்று கேட்பீர்கள். சுலபமாகச் சொல்கிறேன். ஸ்டேஷனில் நீங்கள் ஒருவனை அறைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூளையின் உத்தரவு நரம்பு வழியாக வந்து அதன் நுனியில் நின்றுவிடும். அதற்கும் தசைக்கும் நடுவே ஒரு நுண்ணிய இடைவெளி. நரம்பு அங்கே ஒரு ரசாயனத்தைத் துப்பும். தசையின் மேல் கண்ணுக்குத் தெரியாத கதவுகள் உண்டு. ரசாயனம் வந்து உட்கார்ந்ததும் கதவு திறக்கும், உப்பு உள்ளே பாயும், தசை சுருங்கும், அவன் கன்னத்தில் அறை விழும். அந்தக் கதவு, ஐந்து துண்டுகள் வட்டமாக நின்று நடுவில் ஒரு துளை விட்ட அமைப்பு என்று சமீபத்தில்தான் வெளிநாட்டுக்காரர்கள் கண்டிருக்கிறார்கள். கடலில் மின்சாரம் பாய்ச்சுகிற ஒரு திருக்கை மீன் இருக்கிறது. அதன் உடம்பில் இந்தக் கதவுகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். அதை அறுத்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

அந்த மீன் நம் பக்கம் கிடைக்காது. எனக்குக் கிடைத்தது ராஜமேரி.

சந்தையில் மூட்டை தூக்குகிற சவரியின் மனைவி. சாயங்காலமானால் இமை இரண்டும் கீழே இறங்கிவிடும். பாதிக் கண்ணால் பார்ப்பதைத் திமிர் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். சோற்றை மெல்லத் தாடை வராது. கஞ்சி மூக்கு வழியாக வரும். பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் ரத்தமே அவளுடைய கதவுகளை எதிரி என்று நினைத்து அடைத்துக்கொண்டிருந்தது. அதற்கு மாத்திரை இருக்கிறது. அது கதவைச் சரிசெய்யாது. ரசாயனத்தைக் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்க வைக்கும். மிச்சமிருக்கிற கதவுகளை அது திறந்துகொள்ளும்.

கொடுத்தேன். இலவசமாகவே கொடுத்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவளுடைய பலத்தைச் சோதிக்க ஒரு வழி வைத்திருந்தேன். மாதா கோயிலில் சொல்கிற அருள்நிறை மந்திரத்தை ஒரே மூச்சில் சொல்லச் சொல்வேன். முதல் நாள் பாதியிலேயே குரல் மூக்கில் சிக்கி நின்றுவிட்டது. மாத்திரை சாப்பிட்டுத் தேறிய பிறகு, சாகிற நேரத்துக்காக மாதாவிடம் வேண்டிக்கொள்கிற கடைசி வரி வரைக்கும் போய்விட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இந்தத் திருவிழாவுக்குக் கோயில்ல பாடுவேனுங்களா டாக்டரே?"

"பாடுவே."

"அடி எடுத்துக் குடுக்கறது நாந்தானுங்க எப்பவும். ரெண்டு வருசமா வேறொருத்தி எடுத்து வுடுறா. காது குடுத்துக் கேக்க முடியலீங்க."

இப்படி அவள் நன்றாகிக்கொண்டே போனாள். எனக்குத் தொல்லை தொடங்கியது அங்கேதான்.

மெட்ராஸிலிருந்து ஒரு பேராசிரியர் வர ஒப்புக்கொண்டிருந்தார். இந்தக் கதவைப் பற்றி வெளிநாட்டில் பேசிவிட்டு வந்தவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் என் பலகைக்குக் கீழே ஒரு கட்டடம் வரும். கட்டுரையில் அவர் பெயருக்குப் பின்னால் என் பெயர் வரும். அவருக்கு எதைக் காட்டுவது? கன்னம் உப்பி, ரோஸ் நிறப் புடவை கட்டி, பாட்டுப் பாடுகிற ஒருத்தியையா? தொங்கின இமை ஊசி போட்டதும் எழ வேண்டும். அதுதான் காட்சி. எழுவதற்கு முதலில் அது தொங்க வேண்டும். இதில் குதர்க்கம் ஒன்றுமில்லை. யோசித்துப் பாருங்கள்.

ஆகவே கூட்டத்துக்கு முந்தைய வாரம் மாத்திரையை மாற்றினேன். கால்சியம் மாத்திரை. அதே வெள்ளை, அதே அளவு.

கம்பவுண்டர் பச்சியப்பனுக்குத்தான் முகம் சரியில்லை. "சார், இது வேணாங்க சார். மூச்சுக்குப் போச்சுன்னா?"

"ஊசி நம்ம கையில இருக்கு. போட்டா எந்திரிச்சு உக்காருவா. பாட்டே பாடுவா."

"அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுச் செய்யலாமுங்களே."

"சொன்னா நடிப்பா. ஆராய்ச்சியில நடிப்பு கூடாது."

ராஜமேரி புது மாத்திரையைப் பற்றி என்ன சொன்னாள் தெரியுமா? பழைய மாத்திரை வயிற்றைக் கலக்கும். அந்த மருந்தின் குணம் அது. "இது நல்ல மாத்திரைங்க டாக்டரே. வயித்துல ஒண்ணுமே பண்ணலீங்க" என்றாள். சொல்லும்போதே வார்த்தை மூக்கில் இறங்கிவிட்டது. மந்திரம் சொல்லச் சொன்னேன். பாதிகூடப் போகவில்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது.

"ஒடம்பு அசத்துதுங்க. கூட்டத்தன்னிக்கு ஏதாவது போட்டு வுடுங்க, திருவிழா வருதுங்க" என்றாள். போடத்தான் போகிறேன் என்றேன். அது பொய்யில்லை.

கூட்டம் நடந்தது கல்யாண மண்டபத்தில். மேடையில் தச்சர் சென்றாயன் செய்த மாதிரிக் கதவு, பட்டுத்துணி போர்த்தி. வேப்பமரத்தில் ஐந்து துண்டு. ரசாயனத்துக்குப் பதிலாகச் செய்த உருண்டைகளை அவற்றின் இடத்தில் வைத்தால் நடுத்துளை திறந்து பச்சை பல்பு எரியும். பக்கத்தில் மணப்பெண்ணுக்கான வெல்வெட் நாற்காலியில் ராஜமேரி. பித்தளைத் தட்டில், மருந்து ஏற்றிய ஊசி. பேராசிரியர் அதைத் தொட்டு என்னிடம் கொடுக்க வேண்டும், நான் போட வேண்டும் என்று ஏற்பாடு. குத்துவிளக்குக்குக் குங்குமம் வைத்த யாரோ, கையோடு ஊசிக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டார்கள். அதை நான் துடைக்கவில்லை. மங்களகரமாகத்தான் இருந்தது.

எல்லாம் தயார். பேராசிரியர் மட்டும் இல்லை. வரவேற்புக் குழு அவரைக் காலையிலேயே ஒகேனக்கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அருவியைப் பார்த்து, எண்ணெய் தேய்த்துக் குளித்து, மீன் வறுவல் சாப்பிடாமல் எந்த விருந்தினரையும் இந்த மாவட்டம் திருப்பி அனுப்புவதில்லை.

அவர் வரும்வரை மேடையை நிரப்ப நஞ்சப்பன் எழுந்தார். நரம்பில் ஆரம்பித்து, ஏரி மதகுக்குப் போய், மதகு கட்டிய தன் தாத்தாவுக்குப் போனார். இடையில் ராஜமேரிக்கு ஒரு சந்தன மாலை போட்டார். சாதாரண மாலைதான். அதன் கனத்துக்கு அவள் கழுத்து குனிந்தது. பிறகு நிமிரவில்லை.

நான் பக்கத்தில் போய், "மந்திரம் சொல்லு" என்றேன். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. விரலால் ஒரு இமையைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே இருந்து என்னைப் பார்த்தாள். நினைவு தெளிவாக இருந்தது. இந்த நோயில் கடைசிவரைக்கும் தெளிவாகவே இருக்கும்.

பச்சியப்பன் ஓடி வந்தான். "சார், நகம் நீலமாவுது சார். போட்டுடலாம் சார்."

"தட்டைத் தொடாதே. ரோட்டுக்குப் போய்க் கார் வருதான்னு பாரு."

அவன் நின்றான். நான் முறைத்தேன். போனான்.

கடைசி வரிசையிலிருந்து சவரி எழுந்தார். "அய்யா, அவளுக்கு மூச்சு முட்டுதுங்க. கொஞ்சம் பாருங்கய்யா."

"யோவ் உக்காருய்யா. பெரியவரு பேசிட்டிருக்காருல்ல" என்றார்கள் பேட்ஜ் குத்தியவர்கள். தோளைப் பிடித்து அழுத்தினார்கள். நஞ்சப்பன் தாத்தாவை விட்டுக் கொள்ளுத்தாத்தாவுக்குப் போனார். சபையில் பாதிப்பேர் கண்ணை மூடித் தலை குனிந்திருந்தார்கள். அவர்களில் யாருக்கு என்ன வியாதி என்று வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது.

நீங்கள் கேட்காமலே இதையும் சொல்கிறேன். தட்டில் இருந்த ஊசி போக, என் கோட்டுப் பையில் இன்னொரு மருந்துக் குப்பியும் சிரிஞ்சும் இருந்தன. டாக்டர் வெறுங்கையோடு போகமாட்டான். மேடைக்குப் பின்னால் திரை இருந்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தால் யாருக்கும் தெரியாமல் ஊசியைக் குத்தியிருக்கலாம். பையில் கைவிட்டுக் குப்பி உடையாமல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். உடையவில்லை.

அப்புறம் காரின் ஹாரன் கேட்டது. நாயனம் எழுந்தது. பேராசிரியர் எண்ணெய் மினுங்க, வறுவல் மணக்க உள்ளே வந்தார். மண்டபம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. ராஜமேரி எழவில்லை.

"பேஷன்ட் தூங்கறாங்களா?" என்றார் பேராசிரியர். தட்டைத் தொட்டுக் கொடுத்தார். நான் போட்டேன். குங்குமம் அவள் கையில் ஒட்டியது. இமை எழவில்லை. சவரி மேடையேறி வந்து முதலில் அந்த மாலையைக் கழற்றினார். ஏன் முதலில் அதைச் செய்தார் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். மூட்டை தூக்கிப் பழகியவர், தடுமாறவில்லை. பச்சியப்பன் பின்னாலேயே போனான். நேராக உங்களிடம் வந்தது அவன்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவனுக்கு நான் எத்தனையோ செய்திருக்கிறேன். போகட்டும்.

நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், அவள்மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. விஞ்ஞானத்தில் விரோதத்துக்கு இடமில்லை. கதவு மூடினால் என்ன ஆகும் என்று நான் சொன்னேனோ அதுதான் எழுத்துப் பிசகாமல் நடந்தது. சென்றாயன் செய்த கதவைத்தான் யாரும் திறந்து பார்க்கவில்லை. பட்டுத்துணி இன்னும் அதன்மேல்தான் கிடக்கிறது.

கைக்கெட்டும் தூரத்தில் மருந்து இருந்தும் ஏன் போடவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். மாத்திரையை மாற்றியது நான். மூச்சு நிற்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தது நான். பையில் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்ததும் நான். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன், கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் நீங்களும் நாலு மேடை ஏறினவர் சார். சிறப்பு விருந்தினர் வருவதற்கு முன்னால் யாராவது ரிப்பனை வெட்டுவார்களா, நீங்களே சொல்லுங்கள்.