பெடலில் இருந்து நான் காலை எடுத்தது யார் சொல்லி

மேட்டுத் தெருவின் கடைசி வீட்டில் கணவருடன் குடியிருக்கும், நாற்பத்து மூன்று வயதான, வீட்டைக் கவனித்துக்கொள்ளும் நான், பெண் காவலர் உடனிருக்க, என்னிடம் கேட்கப்பட்டதற்குச் சுயநினைவோடு சொல்வதாவது:

ஏழாம் வகுப்போடு என் பள்ளிப்படிப்பு நின்றுவிட்டது. அதன் பிறகு பக்திப் புத்தகங்களைப் படித்தும் வீட்டுக் கணக்கு எழுதியும் நானாகக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். கூட்டலில் ஒரு வரி விட்டுப்போனால் கீழே திருத்த மாட்டேன், மேலே இருந்து மறுபடி கூட்டுவேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

என் கணவர் தண்ணீர் வாரிய அலுவலகத்தில் எழுத்தர். அவருக்குக் கார் பைத்தியம். பழைய கார் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் அதன் அடியில்தான் கிடப்பார். இவரைப் போன்றவர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். வொர்க்‌ஷாப்பில் விடுவது கேவலம், தன் காரைத் தானே பார்த்துக்கொள்பவன்தான் ஆண்பிள்ளை என்பது அவர்கள் கொள்கை. அந்தக் குழுவுக்குத் தலைவர் மாதிரி இருப்பவரைப் பிஸ்டன் என்று கூப்பிடுவார்கள். கார் விற்கும் கடையில் மேற்பார்வையாளர். கையில் கிரீஸ் படாமல் ரிப்பேர் செய்யத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். இன்னொருவர் பல் டாக்டர். சம்பவத்தன்று எங்கள் வீட்டு முற்றத்தில் இருந்தது இந்த மூவரும் நானும் மட்டுமே.

அன்று காலை பிரேக் பைப்புகளை மாற்றினார்கள். பைப் மாற்றினால் உள்ளே காற்றுப் புகுந்துவிடும், அதை வெளியே எடுக்க வேண்டும். ஒருவர் பெடலை அமுக்கிப் பிடித்திருக்க, மற்றவர் சக்கரத்தின் பின்னால் உள்ள சின்னத் திருகைத் திறந்தால் எண்ணெயும் காற்றுமாக வரும். திருகை மூடிய பிறகுதான் பெடலில் இருந்து காலை எடுக்கலாம். முன்னாலேயே எடுத்தால் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். இதைக் கல்யாணமான வருடமே என் கணவர் எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார். அமுக்குகிற வேலை எப்போதும் என் தலையில்தான். அடுப்பை அணைத்துவிட்டு, மனதுக்குள் தெய்வத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "அண்ணி பிரேக்குக்கும் சேர்த்து வேண்டிக்கிறாங்கடா, நமக்குச் செலவே இல்ல" என்று பிஸ்டன் சொன்னார். சிரித்தார்கள்.

அதன் பிறகு, என் கணவர் சக்கரத்தருகே படுத்துக்கொண்டு சொல்வது எனக்குக் கேட்காது என்பதால், பிஸ்டன் என் கதவோரம் நின்று அவர் சொல்வதைத் திருப்பிச் சொன்னார். டாக்டர் எண்ணெய் ஊற்றினார். "அமுக்குங்க" என்றால் அமுக்க வேண்டும், "பிடிங்க" என்றால் பிடித்திருக்க வேண்டும், "விடுங்க" என்றால் விட வேண்டும். இந்த மூன்றைத் தவிர வேறு சொல் வேண்டாம், குழப்பம் வரும் என்று ஆரம்பத்திலேயே சட்டம் போட்டவரும் பிஸ்டன்தான்.

மூன்று சக்கரங்கள் சரியாக முடிந்தன. பெடல் இறுகிக்கொண்டே வந்ததை என் பாதம் உணர்ந்தது. நான்காவது சக்கரத்தில் நான் பிடித்திருந்தபோது செருப்பு எண்ணெயில் வழுக்கியது. "செருப்பு வழுக்குது, கழட்டிக்கட்டுமா?" என்று கேட்டேன். பிஸ்டன் கைப்பேசியைப் பார்த்தபடி, "விடுங்க அண்ணி, கடைசி வீல்தான்" என்றார். "விடுங்க" என்று காதில் விழுந்ததும் என் கால் விட்டுவிட்டது. அவர் சொன்ன மிச்சம் அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது.

கீழே இருந்து என் கணவர், "யாரு விட்டது? நட்டு தெறந்திருக்கு!" என்று கத்தினார். "நீங்கதானே விடுங்கன்னீங்க?" என்று பிஸ்டனிடம் கேட்டேன். "அய்யோ அண்ணி, அது வேற விடுங்க!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். டாக்டரும் சிரித்தார். நானும் கொஞ்சம் சிரித்தேன் என்பதை மறைக்கவில்லை.

அதன் பிறகு என் கணவர் எழுந்து வந்து, காற்று உள்ளே போய்விட்டது, திரும்ப எடுக்க வேண்டும் என்றார். நான் பெடலை அமுக்கினேன். தரை வரைக்கும் போயிற்று. "அடிவரைக்கும் போகுதுங்க, முதல்ல இருந்து செய்ங்க, நான் உட்கார்ந்திருக்கேன்" என்றேன். ஊரெல்லாம் கூடுகிற கார் கண்காட்சிக்கு நேரமாகிறது என்று பிஸ்டன் என்னை இறங்கச் சொல்லிவிட்டு, தானே உட்கார்ந்து பெடலைப் படபடவென்று பலமுறை அடித்தார். அப்படி அடித்தால் பெடல் சற்று நேரம் இறுகினாற்போல் இருக்கும், அது நம்பக்கூடாத இறுக்கம் என்று சொல்லிக்கொடுத்த என் கணவரே அப்போது வாய் திறக்கவில்லை. "பாருங்க, கல்லு மாதிரி இருக்கு. அண்ணிக்குக் கால்ல பலம் இல்ல" என்றார் பிஸ்டன். என் கணவர் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். டாக்டர் கேட்டைத் திறந்துவிட்டார்.

எங்கள் தெரு சரிவானது. சரிவு முடிகிற இடத்தில் தையல்கார அக்காவின் வீடு. தெருப்பக்க அறையில் ஜன்னலோரம் மிஷினைப் போட்டுத் தைப்பார். நான் கேட்டருகே நின்று பார்த்தேன். காரின் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. கார் நிற்கவில்லை. கை பிரேக்கை இழுத்தும் பிடிக்கவில்லை என்று என் கணவர் பிறகு சொன்னார். அக்கா வீட்டு முன்சுவரை இடித்துக்கொண்டு ஜன்னலோடு உள்ளே போய் நின்றது. காரில் இருந்த இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அக்காவின் வலது பாதம் மிஷினின் மிதிபலகைக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. நான் ஓடிப்போனபோது ஊசியில் நூல் அறுபடாமல் இருந்தது. பாதி தைத்த பள்ளிச் சீருடை ஊசிக்கடியில் இருந்தது. "எல்லாரும் ஏன் கத்துறீங்க? மிஷின் போச்சா?" என்றுதான் அக்கா கேட்டார். தன் காலை அவர் இன்னும் பார்க்கவில்லை.

அதன் பிறகு ஆஸ்பத்திரி நடைபாதையில் பிஸ்டன் என்னிடம் வந்து, "அண்ணி, நீங்க தெரியாம காலை எடுத்துட்டீங்கன்னு சொல்லிடுங்க. வீட்டுப் பொம்பளை, விவரம் தெரியாதுன்னு விட்டுருவாங்க. எனக்கு இந்தப் பேர் வந்தா வேலையே போயிடும்" என்றார். அதற்குள் அவர்களுடைய கார் குழுவின் வாட்ஸ்அப்பில், அண்ணி காலை எடுத்ததால் வந்த வினை என்று எழுதி, கீழே ஒரு சிரிப்புப் படமும் போட்டிருந்தார். உள்ளே அக்காவின் பாதத்தில் இருந்து இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பல் டாக்டரைப் பார்த்தேன். ஊர் வாயையெல்லாம் திறக்கச் சொல்கிறவர் தன் வாயைத் திறக்கவில்லை.

இந்த வாக்குமூலத்தை எழுதிய காவலர் முதலில், "என் அறியாமையால் காலை எடுத்துவிட்டேன்" என்று எழுதியிருந்தார். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டு, அந்த வரியை அடிக்கச் சொன்னேன். பிஸ்டன் சொன்ன "விடுங்க" கட்டளையா, பேச்சு வாக்கில் வந்ததா என்று கேட்டார். பெடல்மேல் கால் இருக்கிறவரை அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் என்றேன். அப்படியே எழுதச் சொன்னேன்.

நான் காலை எடுத்தது உண்மை. பிஸ்டன் சொல்லி எடுத்தேன் என்பதும் உண்மை. ஆனால் அக்காவின் விரல்கள் போனது அதனால் அல்ல. காற்றுப் புகுந்தது மூன்று ஆண்களுக்கும் தெரியும். முதலில் இருந்து செய்ய நான் உட்கார்ந்திருந்தேன். விட்டுப்போனதைக் கீழேயே திருத்திக்கொண்டு போகலாம் என்று நினைத்தவர் பிஸ்டன். தவறு என்று தெரிந்தும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தவர் என் கணவர். இதைச் சொன்னால் அவர் பெயரும் வழக்கில் சேரும் என்று காவலர் எச்சரித்தார். சேரட்டும். அவருக்காக நான் தினமும் பிரார்த்தனை செய்கிறேன், இன்றும் செய்வேன். பிரார்த்தனை செய்கிற வாயால் அவருக்காகப் பொய் சொல்ல முடியாது.

இங்கே வருவதற்கு முன் என் கணவர் நிலைய வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடு, அவன் நம்ம ஆளு. விடு" என்றார். இருபது வருடமாக அவர் விடு என்றதும் நான் விட்டிருக்கிறேன்.

நான் விடவில்லை.

மேலே உள்ளது நான் சொன்னபடியே இருக்கிறது. அடித்த வரி நான் சொல்லி அடித்தது. மற்ற எதையும் யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. முழுவதும் நானே படித்துப் பார்த்து, கைநாட்டு வைக்க மறுத்து, என் எழுத்தில் கையெழுத்திடுகிறேன்.

(கையெழுத்து)