காய்கறித் தட்டில் இருந்த ரோஜாக் குச்சிகள்

என் பெயர் ஜெயபிரியா. வயது பதினெட்டு. தகப்பனார் பெயர் குள்ளன், தாயார் பெயர் சின்னக்கா. சொந்த ஊர் வத்தல்மலை மேல் உள்ள கருங்கல்காடு. நல்லம்பள்ளி வட்டம் கோம்பையூரில் மாரப்பன் என்பவர் வீட்டின் பின்பக்க அறையில் தங்கி, அவர்கள் வீட்டு வேலை செய்து வந்தேன். எட்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். அதற்கு மேல் படிக்க மலையிலிருந்து இறங்கி விடுதியில் தங்க வேண்டும் என்பதாலும், அப்போது அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்ததாலும் நின்றுவிட்டேன். எழுதப் படிக்கத் தெரியும். நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. இதைச் சொல்லும்போதும், இன்னும் சத்தமாகச் சொல்லும்படி இதை எழுதுகிற தலைமைக் காவலர் லூர்துமேரி அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். என் தாயார் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

மாரப்பன் கொடுத்த மனு எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. நான் அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் செய்வினை செய்து மறைத்து வைத்ததாகவும், அதன் காரணமாக அவர் மகன் பிரபாகரின் மனைவி கலைமணி தாய் வீட்டுக்குப் போய்விட்டதாகவும், அதைக் கேட்டதற்கு நான் அவர் மனைவி அமுதவல்லியைக் கீழே தள்ளிவிட்டதாகவும் மனுவில் உள்ளது. வைத்தது நான்தான். மறைத்து வைக்கவில்லை. வைத்தது செய்வினை அல்ல, ரோஜாக் குச்சி. மற்றதை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

மாரப்பன் வீட்டுக்கு வருவதற்கு முன்பு ஓசூர் பக்கம் ஒரு ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்தேன். அங்கே நடுவதற்காக வெட்டிய குச்சிகளை உடனே நட முடியாவிட்டால், ஈரத்தில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு, குளிர் அறையில் வைப்பார்கள். குளிரில் குச்சி துளிர்க்காது, காயவும் காயாது, வெட்டியபடியே இருக்கும். பிறகு எடுத்து நட்டால் வேர் விடும். அங்கே குச்சி சுற்றுகிற வேலையில் என்னோடு நிறையப் பெண்கள் இருந்தார்கள். அவர்களில் யார் வீட்டிலும் அதனால் மருமகள் கோபித்துக்கொண்டு போனதாக நான் கேள்விப்படவில்லை.

இந்த வருடம் வைகாசி மாதம் பிரபாகருக்கும் கலைமணி அக்காவுக்கும் கல்யாணம் நடந்தது. கல்யாணத்துக்கு அச்சடித்து வந்த தாம்பூலப் பைகளில் ஒரு கட்டில் மாப்பிள்ளை பெயர் 'பிராபகர்' என்று தப்பாக விழுந்துவிட்டது. மஞ்சள் துணி, சிவப்பு எழுத்து. அந்தக் கட்டை யாருக்கும் கொடுக்க வேண்டாம், அடுப்படிக்குக் கரித்துணியாக வைத்துக்கொள் என்று அமுதவல்லி அவர்களே என் கையில் கொடுத்தார்.

அதன் பிறகு புது ஜோடிக்கு மாடியில் குளியலறையோடு ஓர் அறை கட்ட ஆரம்பித்தார்கள். அதற்குக் கழிவுநீர்த் தொட்டி தோண்ட வேண்டி, வீட்டின் பக்கவாட்டில் இருந்த பன்னீர் ரோஜாச் செடியை வெட்டச் சொன்னார்கள். அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியது நான். கலைமணி அக்கா அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதில் பூத்ததைத்தான் தலையில் வைத்துக்கொள்வார். வெட்டுவதற்கு முன் நான் அமுதவல்லியிடம், "குச்சி ஒடிச்சுக்கட்டுங்களா பெரிம்மா?" என்று கேட்டேன். "ஒடிச்சுக்க, ஒடிச்சுக்க. குழிக்குள்ள போற கழுதைய நீ எடுத்தா என்னா, மண்ணு தின்னா என்னா" என்று சொன்னார். குழி தோண்ட வந்தவர்களும் இதைக் கேட்டார்கள்.

அதன் பிறகு நான் பென்சில் தடிமனுக்கு உள்ள குச்சிகளாகப் பார்த்து வெட்டி, இலைகளைக் கிள்ளி, அழுகாமல் இருக்க வெட்டுவாயில் மஞ்சள் தூள் தொட்டு வைத்தேன். இலை போன பிறகு எது அடி, எது நுனி என்று அவசரத்தில் தெரியாது. தலைகீழாக நட்டால் வேர் வராது. அதற்காக ஒவ்வொரு குச்சிக்கும் அடிப்பக்கத்தில் பூக்கட்டும் சிவப்பு நூலை ஒரு முடிச்சுப் போட்டேன். பிறகு கரித்துணிக் கட்டிலிருந்து ஒரு பையைப் பிரித்து, நனைத்துப் பிழிந்து, குச்சிகளைச் சுற்றி, பாலித்தீன் கவரில் போட்டு, பிரிட்ஜில் அடியில் உள்ள காய்கறித் தட்டில் முருங்கைக்காய்க்குப் பக்கத்தில் வைத்தேன். வீட்டைச் சுற்றி ஜல்லியும் மணலும் கொட்டிக் கிடந்ததால் நடுவதற்கு இடமில்லை, வெயிலும் அதிகம். ஆடி மாதம் ஊருக்குப் போகும்போது கொண்டுபோய் எங்கள் வீட்டு முன்னால் நடலாம் என்று நினைத்தேன்.

குச்சி எடுக்க அனுமதி கேட்டேன், பிரிட்ஜில் வைக்கத் தனியாக அனுமதி கேட்கவில்லை. அதைக் கேட்டிருக்க வேண்டாமா என்று இங்கே என்னிடம் கேட்கப்பட்டது. அந்தப் பிரிட்ஜைக் கழுவித் துடைப்பது நான். அந்தத் தட்டில் ஓர் ஓரம் எனக்கும் உண்டு என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அதன் பிறகு ஒரு நாள் சாயங்காலம் நான் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கலைமணி அக்காவும் பிரபாகரும் அங்கே வந்தார்கள். கலைமணி அக்கா தர்மபுரியில் ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்தவர். கல்யாணத்துக்குப் போட்ட லீவு முடிந்து, மறுபடி வேலைக்குப் போக ஸ்கூட்டர் சாவியைக் கேட்டார். சாவி பிரபாகர் சட்டைப்பையில் இருந்தது. "இங்க உனக்கு என்னா கொறச்சல்?" என்று அவர் கேட்டார். "கொறச்சல்னு நான் சொன்னனா? வேலைக்குப் போறன்னுதான சொன்னன்" என்று கலைமணி அக்கா சொன்னார். உடனே பிரபாகர் அவரைக் கன்னத்தில் அறைந்தார். திரும்பவும் அறைந்தார். முதல் அறையில் ஒரு காதுத் தோடு கழன்று நான் கழுவிக்கொண்டிருந்த தொட்டியில் விழுந்தது. பிரபாகர் வெளியே போன பிறகு நான் அதைச் சோப்புத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கழுவிக் கொடுத்தேன்.

இந்த இடத்தில் தலைமைக் காவலர் எழுதுவதை நிறுத்தி, "இதெல்லாம் இந்த மனுவுல வராதும்மா. குச்சி சமாச்சாரத்த மட்டும் சொல்லு" என்றார்கள். அந்த அக்கா ஏன் போனார் என்பதுதான் மனுவில் என் மேல் போட்டிருக்கும் பழி, அதனால் இது குச்சி சமாச்சாரம்தான் என்றும், இதை எழுதாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றும் சொன்னேன். என் தாயார் மேசைக்கு அடியில் என் கையைக் கிள்ளினார். பிறகு எழுதப்பட்டது.

அதன் பிறகு கலைமணி அக்கா கன்னத்துக்கு வைக்க ஐஸ் எடுத்தார். கீழே உட்கார்ந்து காய்கறித் தட்டை இழுத்து, "இதென்னா பாப்பா, மஞ்சப் பையில?" என்று கேட்டார். நான் சொன்னேன். "இந்தக் குளுர்ல கெடந்தா செத்துராதா?" என்றார். "சாவாதுங்க அக்கா. தூங்கும். மண்ணுல வெச்சா முழிச்சுக்கும்" என்றேன். அவர் துணியில் இருந்த பெயரைப் பார்த்துச் சிரித்தார். கன்னம் வலித்ததால் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "எனக்கும் ரெண்டு வையி. எங்கம்மா வூட்ல நட்டுக்கறன்" என்றார். அவருடையது எது என்று தெரிவதற்காக இரண்டு குச்சிகளுக்கு மட்டும் நூலில் இன்னொரு முடிச்சுப் போட்டு வைத்தேன். மறுநாள் காலை அவர் ஒரு பையோடு பஸ் ஏறிப் போய்விட்டார். குச்சிகளை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார்.

அவர் திரும்பி வராததால் மாரப்பனும் அமுதவல்லியும் கம்பைநல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு குறி சொல்பவரிடம் போனார்கள். மலையாள மாந்திரீக வேலை நடந்திருக்கிறது, குளுந்த இடத்தில் கட்டிக் கிடக்கிறது என்று அவர் சொன்னதாக வந்து பேசிக்கொண்டார்கள். அதன் பிறகு கிணற்றடியில் தேடினார்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் ஆள் இறக்கித் தேடினார்கள். அதற்கு ஏணியைப் பிடித்துக்கொண்டது நான். அடுத்த நாள் குழம்புக்குக் கத்தரிக்காய் எடுக்கப் போன அமுதவல்லி பொட்டலத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

முள்ளுக் குச்சி, மஞ்சள், சிவப்பு நூல், துணியில் மகன் பெயர் எல்லாம் இருந்ததால் அவர்கள் பயந்துவிட்டார்கள். பயந்ததை நான் குற்றம் சொல்லவில்லை. நான் விவரம் சொன்னேன். கேட்கவில்லை. "புருசன் பொண்டாட்டியப் பிரிக்கத்தான்டி ரெண்ட மட்டும் ரெட்டை முடிச்சு போட்டு வெச்சிருக்கற" என்று அமுதவல்லி சொன்னார். பெயர் தப்பாக அச்சடித்த துணியில் செய்வினை செய்தால் அது யார் வீட்டுக்குப் போகும் என்று கேட்டேன். வாய் நீளம் என்றார்கள். அந்த வீட்டில் நான் எதிர்த்துப் பேசியதே அன்றைக்குத்தான்.

அப்போது மாரப்பன், "நீங்க மலையாளி தான? சர்டிபிகேட்டுல அப்டித்தான போட்டிருக்குது?" என்று கேட்டார். எங்கள் ஆட்களிடம் சாமை வாங்கும்போது மலைக்காரங்க என்று சொல்கிறவர், அன்றைக்குத்தான் மலையாளி என்று சொன்னார். அது எங்கள் சாதிச் சான்றிதழில் உள்ள பெயர். மலையில் இருப்பதால் வந்த பெயர் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். கேரளாவை நானும் பார்த்ததில்லை, என் அப்பாவும் பார்த்ததில்லை. அந்தப் பாஷையில் எனக்கு ஒரு சொல் தெரியாது. குறி சொன்னவர் சொன்ன மலையாளம் வேறு, நாங்கள் வேறு. இது தர்மபுரி மாவட்டத்தில் இருக்கிற மாரப்பனுக்குத் தெரியாதது அல்ல.

அதன் பிறகு என்னை அவர்கள் நிலத்துக்குப் பக்கத்தில் உள்ள முனியப்பன் கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். பொட்டலத்தையும் எடுத்து வந்தார்கள். சூடம் ஏற்றி, நான்தான் செய்தேன், இனி செய்ய மாட்டேன் என்று சொல்லிச் சூடத்தைக் கையால் அணைக்கச் சொன்னார்கள். அப்படிச் செய்தால் யாரிடமும் சொல்ல மாட்டோம், வேலையிலும் இருக்கலாம் என்று மாரப்பன் சொன்னார். நான் மறுத்தேன். எங்கள் ஊரில் சாமி முன்னால் சத்தியம் என்றால் ஒருவர் மட்டும் செய்வது கிடையாது. பழி சொன்னவரும் செய்ய வேண்டும், பழி சொல்லப்பட்டவரும் செய்ய வேண்டும். அதனால், "நான் குச்சிதான் வெச்சன்னு அணைக்கறங்க. அண்ணனும் வந்து, அக்கா மேல கை வெக்கலன்னு சொல்லி அணைக்கட்டுங்க" என்று சொன்னேன்.

பிரபாகர் அங்கேதான் நின்றார். அவர் அம்மா அவரைப் பார்த்தார். அவர் போய் வண்டியை எடுத்தார். வண்டி உடனே கிளம்பவில்லை. நாலைந்து தடவை உதைத்தார். நாங்கள் எல்லாரும் அது கிளம்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம். அதற்குள் சூடம் தானாக எரிந்து அணைந்துவிட்டது.

அதன் பிறகு அமுதவல்லி இன்னொரு சூடத்தை ஏற்றி, பொட்டலத்தை அதன் மேல் போடப் போனார். நான் பிடித்து இழுத்தேன். அவர் விடவில்லை. நானும் விடவில்லை. முள் குத்தியதால் அவர் கையை விட்டார், விட்ட வேகத்தில் பின்னால் உட்கார்ந்தார். நான் அவர் மேல் கை வைக்கவில்லை. பொட்டலத்தைப் பிடுங்கியது உண்மை. மறுபடி எரிக்கப் போனால் மறுபடி பிடுங்குவேன். எடுத்துக்கொண்டு நடந்து போய், மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். அடுத்த நாள் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லி என் தகப்பனாருக்குப் போன் வந்தது. பொட்டலத்தை நானே கொண்டுவந்து கொடுத்தேன்.

பொட்டலம் இப்போது இந்த மேசை மேல் இருக்கிறது. துணி காய்ந்துவிட்டது. ஒரு குச்சியின் பட்டையை நகத்தால் கீறிப் பார்க்க அனுமதி கேட்டு, கீறிக் காட்டினேன். உள்ளே பச்சையாக இருந்தது. தலைமைக் காவலரும் பார்த்தார்கள். அவர்கள் குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரிலேயே துணியை நனைக்கவிட்டார்கள்.

இதுவரை சொன்னதை எழுதிய பிறகு எனக்குப் படித்துக் காட்டினார்கள். நானும் வாங்கிப் படித்தேன். கடைசியில், தெரியாமல் செய்துவிட்டேன், மன்னிக்க வேண்டும், இனி இவ்வாறு செய்ய மாட்டேன் என்று இருந்தது. அது நான் சொன்னது அல்ல. எல்லா வாக்குமூலத்திலும் போடுவதுதான் என்றார்கள். நான் தெரிந்துதான் செய்தேன், இனியும் செய்வேன், அதனால் அதை அடிக்க வேண்டும் என்றேன். என் தாயார் காலையிலிருந்து, "ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுரு கண்ணு, வூட்டுக்குப் போலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். எழுதப் படிக்கத் தெரியாததால் அந்த வரி எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன். அதைப் பார்த்துவிட்டு, "அடிச்சுருங்க மேடம்" என்றார். அந்த வரி அடிக்கப்பட்டது. அடித்த இடத்தில் நான் சுருக்கொப்பம் வைத்திருக்கிறேன்.

கலைமணி அக்காவை அழைத்து விசாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அவர் வரும்போது இரட்டை முடிச்சுப் போட்ட இரண்டு குச்சிகளை அவரிடம் கொடுத்துவிட வேண்டும். முடிச்சு உள்ள பக்கம் மண்ணுக்குள் போக வேண்டும் என்று சொல்லவும். மீதியை என்னிடம் தர வேண்டும். அதுவரை துணி காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேலே உள்ளது நான் பார்த்ததும் செய்ததும் மட்டுமே. யாரும் சொல்லிக்கொடுத்தும் மிரட்டியும் சொல்லவில்லை. அடித்த வரியைத் தவிர எல்லாம் என்னுடைய சொல், எல்லாம் உண்மை.

(ஒப்பம்) கு. ஜெயபிரியா

உடன் இருந்து கேட்டவர்: தாயார் சின்னக்கா, இடது பெருவிரல் ரேகை